அரத்தின் காலமும் காணொளியின் காலமும்

அரம் ஒன்று, கொஞ்சம் பசை, செம்பு முலாம் பூச ஒரு தொட்டி. அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் சாதாரணக் காசை அபூர்வக் காசாக்கி விற்க நினைத்தவனுக்கு இந்த முதலீடு போதும். கூடவே, வாங்குகிறவனைவிடக் காசைப் பற்றி ஒரு படி கூடுதலாகத் தெரிந்திருக்கவும் வேண்டும். இன்று அதே வருமானத்தைத் தேடுகிறவனுக்கு அரமும் வேண்டாம், அந்த அறிவும் வேண்டாம். கையில் ஒரு போன் இருந்தால் காசைத் தொடாமலேயே காரியம் முடிந்துவிடுகிறது.

நாணயச்சாலையில் அச்சடிக்கும்போதே நேர்ந்த தவறைத்தான் சேகரிப்பாளர்கள் எரர் என்கிறார்கள். அதில் ஏமாற்று இல்லை; எந்திரமோ அதை இயக்கியவரோ சறுக்கியதன் தடயம் அது. ஒழுங்காக அடிபட்டு வெளியே வந்த காசில் பிறகு ஒருவன் கைவைத்தால் அது திரித்த காசு. இரண்டுக்கும் நடுவில், யாரும் வேண்டுமென்று செய்யாமலே தேய்ந்தும் நசுங்கியும் நெருப்பில் வெந்தும் போன காசுகள் ஏராளம். மூன்றும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். முதல் வகையில் சில காசுகளுக்கு வீடு வாங்கும் அளவுக்கு விலை உண்டு. மற்ற இரண்டும் பெரும்பாலும் முகமதிப்பைத் தாண்டாது.

இவற்றைப் பிரித்தறியும் வேலை எப்படி மாறியது என்று பார்க்க அமெரிக்காவின் ஒரு சென்ட் காசே போதும். லிங்கன் தலையோடு அது வந்தது 1909இல். புழக்கத்துக்கான கடைசி சென்ட் பிலடெல்பியாவில் அடிக்கப்பட்டது 2025 நவம்பரில். இடைப்பட்ட காலத்தில் அதன் உலோகம் மாறியது, அச்சு செய்யும் முறை மாறியது, அதை வைத்து ஏமாற்றும் முறையும் மாறியது.

அன்றைய திரிப்பின் கைத்திறனை 1914-டி காசில் பார்க்கலாம். டென்வர் ஆலையில் அடித்த காசில் ஆண்டுக்குக் கீழே டி என்ற எழுத்து இருக்கும். 1914இல் அந்த ஆலை அடித்த சென்ட் சுமார் 12 லட்சம். 1944இல் அடித்தது 43 கோடி. இரண்டு ஆண்டுகளுக்கும் வேறுபாடு ஓர் இலக்கம்தான். 1944-டி காசை எடுத்து முதல் 4இன் இடப்பக்கத்தைச் சுரண்டிவிட்டால் 1 மிஞ்சும். சுரண்டினார்கள், நிறையவே. ஆனால் 4இன் நிமிர்ந்த தண்டு வலப்பக்கம் இருப்பதால், சுரண்டிய பிறகு 9க்கும் 1க்கும் இடையே பல் விழுந்தது போல ஓர் இடைவெளி வந்துவிடும். அதைவிடப் பெரிய ஓட்டை லிங்கனின் தோளில் இருந்தது. காசை வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் முதலெழுத்துகள் 1909இலேயே நீக்கப்பட்டு, 1918இல்தான் தோளடியில் மிகச் சிறிதாகத் திரும்ப வந்தன. 1914 என்று சொல்லிக்கொள்ளும் காசின் தோளில் அந்த மூன்றெழுத்து இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

1914-டி அபூர்வ ஆண்டுக் காசுதானே, எரர் இல்லையே என்று கேட்கலாம். சரிதான். எரர் என்ற பெயரில் நடந்த திரிப்புக்கு 1943தான் தலைநகரம்.

போருக்குச் செம்பு வேண்டியிருந்ததால் அந்த ஆண்டு மட்டும் சென்ட் காசைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். முந்தைய ஆண்டின் அச்சடிக்காத வெண்கல வில்லைகள் சில, அவற்றைச் சுமக்கும் தொட்டிகளின் இடுக்கில் சிக்கிக் கிடந்து, பிறகு எஃகு வில்லைகளோடு சேர்ந்து அச்சுக்குள் போய்விட்டன. மூன்று ஆலைகளிலும் இது நடந்தது. 1947இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டில் ஒரு பள்ளி மாணவனுக்குப் பள்ளி உணவகத்தில் கிடைத்த சில்லறையில் அப்படி ஒன்று இருந்தது. 1943இன் செம்புக் காசைக் கொண்டுவருகிறவருக்கு ஹென்றி ஃபோர்டு புதுக் கார் தருவார் என்று அப்போது ஊரெல்லாம் வதந்தி. விசாரித்தபோது அது பொய் என்று தெரிந்தது. கருவூலத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, அந்த ஆண்டு செம்புக் காசே அடிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. மாணவன் காசைப் பத்திரப்படுத்திக்கொண்டான். முதியவராகி அவர் காலமான பிறகு, 2019 ஜனவரியில் அது 2,04,000 டாலருக்கு ஏலம் போனது. டென்வரில் அடித்ததாக அறியப்பட்ட ஒற்றைக் காசு 2010இல் 17 லட்சம் டாலருக்குக் கைமாறியிருந்தது.

வதந்தி போன வேகத்தில் போலியும் போனது. எளிய வழி, எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசுவது. காந்தத்தைக் காட்டினால் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும், வெண்கலம் ஒட்டாது. தராசில் வைத்தால் எஃகு 2.7 கிராம், வெண்கலம் 3.11 கிராம். இந்த இரண்டு சோதனையிலும் தேற நினைத்தவன் 1948 வெண்கலக் காசை எடுத்து 8இன் இடப்பக்கத்தை அரைத்து 3 ஆக்கினான். காந்தம் பேசாது, எடையும் ஒத்துவரும். ஆனால் உண்மையான 1943இன் 3க்கு நீண்ட வால் உண்டு. அது மற்ற இலக்கங்களின் அடிக்கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கும். 8ஐ எப்படி அரைத்தாலும் அந்த வால் வராது. இல்லாததைச் சுரண்டி உண்டாக்க முடியாது என்பதுதான் அரம் பிடித்தவனின் நிரந்தரத் தலைவலி.

1937-டி மூன்றுகால் எருமையிலும் அவன் சிக்கியது அதே இடத்தில்தான். இது ஐந்து சென்ட் காசு. இரண்டு அச்சுகள் நடுவில் வில்லை இல்லாமல் ஒன்றோடொன்று மோதிப் பட்ட வடுவை அழிக்க, ஆலையில் ஒருவர் அச்சைத் தேய்த்தார். கொஞ்சம் அதிகமாகவே தேய்த்துவிட்டார். எருமையின் வலது முன்னங்கால் மறைந்தது, குளம்பு மட்டும் மிஞ்சியது. நாலுகால் காசை வாங்கி ஒரு காலை அரத்தால் அறுத்தவர்கள் ஏராளம். இங்கே நோட்டம் பார்க்க வேண்டியது காலை இல்லை, கால் இருந்த இடத்தை. அச்சில் பள்ளமாக இருப்பதுதான் காசில் மேடாக வரும். அச்சின் தளத்தைத் தேய்த்துத் தாழ்த்தினால் ஆழமில்லாத பள்ளம் காணாமல் போகும். காசில் அந்த இடம் சுற்றுப்புறத்தோடு சமமாகவே இருக்கும். காசை அறுத்தால் அங்கே உலோகம் குறைந்து குழி விழும். தவிர, உண்மையான காசில் எருமையின் வயிற்றிலிருந்து தரை வரை மேடான புள்ளிகள் ஒரு கோடாக இறங்கும். அது அந்த அச்சில் மட்டுமே இருந்த குறை. எருமை சிறுநீர் கழிக்கிறது என்று சேகரிப்பாளர்கள் கேலி செய்வார்கள். காலை அறுத்தவனால் அந்தச் சிறுநீரை மட்டும் வரவழைக்க முடிவதில்லை.

1922 சென்ட் இன்னும் நுட்பமானது. அந்த ஆண்டு சென்ட் அடித்தது டென்வர் மட்டும்தான். ஆகவே டி இல்லாத 1922 காசு என்பதே ஒரு பிழை. தேய்ந்தும் அழுக்கடைத்தும் போன அச்சுகளைக் கொண்டு ஆலை தொடர்ந்து அடித்ததால் எழுத்து விழவில்லை. டியைச் சுரண்டி எடுத்து விற்பது குழந்தை விளையாட்டு என்பதால், நல்ல விலை போவது ஒரே ஒரு அச்சு ஜோடியில் அடித்த காசுகளுக்குத்தான்: அவற்றில் பூப்பக்கம் கூர்மையாக இருக்கும், ஆண்டின் கடைசி 2 அதற்கு முந்தைய 2ஐவிடத் தெளிவாக இருக்கும்.

இந்த மூன்று கதைகளிலும் காசைப் பார்த்து நாம் கேட்பது ஒரே கேள்விதான். இந்தக் குறை நேர ஆலைக்குள் ஒரு வழி இருந்ததா? தகட்டிலிருந்து வில்லை வெட்டுகிறார்கள். அதன் விளிம்பை உருட்டித் திரட்டுகிறார்கள். காலர் என்ற வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் இருக்கும் அச்சுகளால் ஒரே அடி. ஒவ்வொரு படியிலும் நேரக்கூடிய தவறுகளுக்குக் கணக்கு உண்டு. உதாரணமாக, பிறை போலக் கடிபட்ட காசு: ஏற்கெனவே துளை விழுந்த இடத்தின் மேல் வெட்டுக்கருவி மறுபடி இறங்கினால் அப்படி ஒரு வில்லை வரும். அந்த வில்லையின் விளிம்பைத் திரட்டும்போது கடிபட்ட பக்கத்தில் அழுத்தம் கிடைக்காது. அதனால் அதற்கு நேர் எதிரேயும் விளிம்பு சப்பையாகப் போகும். வீட்டில் கத்தரியால் வெட்டியவனுக்கு எதிர்ப்பக்கம் நினைவுக்கு வருவதே இல்லை.

ஆலையின் வழிகள் மாறின என்பதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு என்று நினைக்கிறேன். பலரும் சொல்வது போல லென்ஸும் கேமராவும் மாறியது அதற்குப் பிறகுதான். ஒரே மாதிரியான வடு ஓர் ஆண்டின் காசில் பொன்னாகவும் இன்னோர் ஆண்டின் காசில் குப்பையாகவும் இருப்பதற்குக் காரணம் அந்த மாற்றம்.

1955ஐ எடுத்துக்கொள்வோம். காசை அடிக்கும் அச்சையே ஒரு தாய் அச்சால் அழுத்தித்தான் செய்வார்கள். அந்தக் காலத்தில் ஒரே அழுத்தில் உருவம் முழுதாக இறங்காது. ஒருமுறை அழுத்தி, உலையில் சூடேற்றி இளக்கி, மறுபடி அழுத்துவார்கள். இரண்டாவது முறை பொருத்தும்போது மயிரிழை விலகினால் அச்சிலேயே எழுத்துகள் இரட்டையாகிவிடும். பிறகு அந்த அச்சில் அடிக்கும் எல்லாக் காசும் இரட்டைதான். 1955இல் பிலடெல்பியாவில் அப்படி ஓர் அச்சு இரவு வேலையில் ஓடியது. கண்டுபிடித்தபோது அதன் காசுகளில் ஒரு பகுதி நல்ல காசுகளோடு கலந்து போயிருந்தது. லட்சக்கணக்கான காசுகளைக் கொட்டிப் பொறுக்குவதா என்று யோசித்து அப்படியே அனுப்பிவிட்டார்கள். 20,000 முதல் 24,000 வரை வெளியே போயிருக்கலாம் என்பது மதிப்பீடு. சிகரெட் எந்திரத்தில் 25 சென்ட் போட்டால் 23 சென்ட் பாக்கெட்டோடு மீதி இரண்டு சென்டையும் உறைக்குள் வைத்துத் தருவார்களாம். பல காசுகள் அந்த வழியில் வந்து சேர்ந்தன என்று சொல்வார்கள்.

இதைக் கேட்டதும் இரட்டையாகத் தெரியும் எல்லாக் காசையும் நாடு எடுத்து வைக்கத் தொடங்கியது. பெரும்பாலானவை இரட்டை அச்சு இல்லை. அச்சு தளர்ந்து, அடித்த கணத்தில் காசின் மேல் சற்றே வழுக்கினால், ஏற்கெனவே மேலெழுந்த எழுத்தின் ஓரத்தைத் தட்டையாக வழித்துவிடும். அதற்கு எந்திர இரட்டிப்பு என்று பெயர். அச்சிலேயே இரட்டை என்றால் எழுத்து பருக்கும், இரண்டாவது உருவமும் உருண்டு மேடாக நிற்கும், எழுத்தின் முனையில் பிளவு தெரியும். வழுக்கல் என்றால் எழுத்து மெலியும், ஓரத்தில் படிக்கட்டு போலத் தட்டையான ஒரு தளம் இருக்கும். இரட்டை அச்சில் உலோகம் கூடியிருக்கும், வழுக்கலில் அது நசுங்கியிருக்கும். இதை எழுத்தில் படித்துப் புரிந்துகொண்டவர்களை நான் பார்த்ததில்லை. இரண்டு காசுகளை அடுத்தடுத்து லென்ஸின் கீழ் ஒருமுறை பார்த்தால் பிறகு மறக்காது.

சான் பிரான்சிஸ்கோவில் அடித்த 1969-எஸ் இரட்டை அச்சுக் காசுக்கு அன்று ஓர் அற்புதமான சோதனை இருந்தது. ஆண்டும் வாசகமும் தாய் அச்சிலிருந்து வரும். எஸ் என்ற ஆலைக்குறி மட்டும் அச்சு தயாரான பிறகு ஒரு தொழிலாளி சுத்தியலால் தட்டிப் பதிப்பது. ஆகவே அச்சு இரட்டையானாலும் எஸ் ஒற்றையாகத்தான் இருக்க வேண்டும். ஆண்டோடு சேர்ந்து எஸ்ஸும் இரட்டையாக இருந்தால் அது வழுக்கல், செலவழித்துவிடலாம். இதே சமயத்தில் வெளியே கள்ள அச்சில் அடித்த 1969 இரட்டைக் காசுகளும் உலவியதால், அமெரிக்க ரகசியக் காவல் துறை உண்மையான 1969-எஸ் காசுகள் சிலவற்றையும் கள்ளக்காசு என்று பறிமுதல் செய்தது. ஆலையில் பிறந்த பிழைதான் என்பது அதன் பிறகே ஏற்கப்பட்டது. அரசுத் துறையே தடுமாறிய காலம் அது.

இப்போது 2005ஆம் ஆண்டுக் காசு ஒன்றை எடுத்து அதே சோதனையைச் செய்து பாருங்கள். பயன்படாது. 1990 முதல் சென்ட் காசின் ஆலைக்குறி தாய் அச்சின் மூலத்திலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. கையால் தட்டுகிற வேலை முடிந்தது. அதற்குப் பிந்தைய காசில் ஆலைக்குறி மட்டும் இரண்டு முறை தட்டப்பட்டிருக்கிறது என்று யாராவது விற்றால், அந்தச் சுத்தியலை எந்த அருங்காட்சியகத்திலிருந்து எடுத்தார்கள் என்று கேட்கலாம். 1990களின் பின்பாதியில் இன்னொரு கதவும் மூடியது. ஒரே அழுத்தில் உருவம் முழுதாக இறங்கும் எந்திரம் வந்தது. இரண்டாவது அழுத்து இல்லாததால் 1955 போல அகலமாக விலகிய இரட்டைக்கு இடமில்லை. முதல் தொடுகையில் அச்சு சற்றுச் சாய்ந்து நேராவதால் சிறிய இரட்டிப்பு நடுப்பகுதியில் விழும். காதருகே, கையருகே, தூணருகே. பழைய புத்தகத்தைப் படித்துவிட்டுப் புதுக் காசின் ஆண்டிலும் ஓரத்து வாசகத்திலும் இரட்டையைத் தேடுகிறவர் பெரும்பாலும் வழுக்கலைத்தான் கண்டுபிடிக்கிறார்.

புது எந்திரமும் புது உலோகமும் தங்களுக்கென்று தவறுகளைக் கொண்டுவந்தன. 1982இன் நடுவில் சென்ட் காசு வெண்கலத்திலிருந்து செம்பு பூசிய துத்தநாகத்துக்கு மாறியது, எடை 3.11 கிராமிலிருந்து 2.5 ஆனது. அன்றிலிருந்து நோட்டக்காரர்களின் நேரத்தைத் தின்பது கொப்புளம். முலாமுக்கு அடியில் காற்று சிக்கினால் காசில் மேடு கிளம்பும். எழுத்தின் ஓரத்தில் முலாம் கிழிந்தால் உள்ளிருக்கும் துத்தநாகம் வெள்ளைக் கோடாகத் தெரிந்து இரட்டை எழுத்து போலவே இருக்கும். ஆலையில் நேர்ந்ததுதான், ஆனாலும் எவரும் விலை தரமாட்டார்கள், அவ்வளவு மலிவு. போதாக்குறைக்குப் பள்ளி வேதியியல் பாடம் வேறு. செம்புக் காசுக்குத் துத்தநாகம் பூசி வெள்ளியாக்கி, பிறகு சூடேற்றிப் பித்தளையாக்கிப் பொன்னாகக் காட்டும் செய்முறை அங்கே வெகு பிரபலம். அந்த வெள்ளிக் காசும் பொன் காசும் தலைமுறை கடந்து பேரப்பிள்ளைகள் கையில் வேறு உலோகத்தில் அடித்த அபூர்வமாக மாறி வந்து நிற்கின்றன.

இந்த மாற்றத்தின் ஊடே நிஜமான எரரும் ஒளிந்திருந்தது. 1982 டென்வர் காசுகளில் ஆண்டைச் சிறிய இலக்கங்களில் போட்ட வகை துத்தநாகத்தில் மட்டுமே வந்திருக்க வேண்டும். 2016இல் வெண்கலத்தில் ஒன்று கிடைத்தது. கண்டுபிடிக்க உதவியது தராசு, வேறொன்றுமில்லை.

2007 இன்னொரு நல்ல உதாரணம். ஜார்ஜ் வாஷிங்டன் தலை போட்ட ஒரு டாலர் காசில் ஆண்டும் கடவுள் மேல் நம்பிக்கை என்ற வாசகமும் விளிம்பில் இருந்தன. காசை அடித்த பிறகு தனி எந்திரத்தில்தான் விளிம்புக்கு எழுத்து ஏறும். பல்லாயிரம் காசுகள் அந்த எந்திரத்துக்குப் போகாமலேயே வங்கிக்குப் போய்விட்டன. கடவுள் இல்லாத டாலர் என்று பத்திரிகைகள் கொண்டாடின. உடனே பழைய அரம் மறுபடி கைக்கு வந்தது: விளிம்பெழுத்தைத் தேய்த்துவிட்டால் போதாதா? போதாது. 8.1 கிராமும் 26.5 மில்லிமீட்டரும் இருக்க வேண்டிய காசு எடையும் குறைந்து விட்டமும் சுருங்கி நிற்கும்.

அரம் பிடித்தவன் கடைசியாக மதிக்கத்தக்க அளவில் வேலை செய்தது அநேகமாக அப்போதுதான். இப்போதைய வியாபாரம் வேறு. தானியங்கித் துணி உலர்த்தியின் இடுக்கில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் சுழன்ற காசு, விளிம்பு உருண்டு திரண்டு, எழுத்துகள் உள்ளே ஒடுங்கி, விசித்திரமாக இருக்கும். தண்டவாளத்தில் வைத்தது, சுத்தியலால் தட்டியது, அமிலத்தில் ஊறி மெலிந்தது என்று இன்னும் எத்தனையோ. அபூர்வமாக்கி விற்க இவற்றை யாரும் திரிக்கவில்லை. ஒருவர் அதைப் பெரிதாகக் காட்டிப் படம் பிடித்து, மேலே சிவப்பு அம்புக்குறி போட்டு, ஐம்பதாயிரம் டாலர் என்று தலைப்பிடுகிறார். காசு அப்படியே இருக்கிறது, கதையைத்தான் திரித்திருக்கிறார். பார்வைக்குப் பணம் கிடைப்பதால் காசு விற்கக்கூட வேண்டியதில்லை. 1948இன் 8ஐ மணிக்கணக்காக அரைத்தவனிடம் எனக்கு ஏதோ ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

நோட்டம் பார்க்கிற தரப்பும் மாறியது. அன்று பெரிய வியாபாரியின் கண்தான் கடைசித் தீர்ப்பு. 1972இல் அமெரிக்க நாணயவியல் சங்கம் காசை வாங்கிப் பார்த்துச் சான்றளிக்கத் தொடங்கியது. 1986லும் 1987லும் பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற தனியார் நிறுவனங்கள் வந்து, சான்றோடு காசைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தர ஆரம்பித்தன. காசைத் தொடாமல் பெட்டியை வாங்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது. சில ஆண்டுகளில் பெட்டியையே போலியாகச் செய்தார்கள். ஊடுகதிரை வீசி உலோகக் கலவையைக் காசுக்குச் சேதமில்லாமல் சொல்லும் கருவி இன்று உண்டு. முலாம் பூசிய 1943ஐ அதுபோலத் தீர்த்துவைப்பது வேறில்லை. ஆனால் 1937இன் கால் எப்படிப் போனது என்பதை அந்தக் கருவி சொல்லாது, உலோகம் இரண்டிலும் ஒன்றுதான். அதற்குக் குறிப்பிட்ட அச்சின் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். 1955 இரட்டைக் காசின் பூப்பக்கத்தில் சென்ட் என்ற சொல்லின் கடைசி எழுத்தை ஒட்டி மெல்லிய கீறல்கள் உண்டு. அச்சைத் தீட்டியபோது விழுந்தவை. இப்படிப்பட்ட அடையாளங்களைப் பெரிய படங்களாக யாரும் இலவசமாகப் பார்க்க முடிகிறது என்பதுதான் இன்றைய காலத்தின் பெரிய வரவு. காணொளி கெடுத்ததை அந்தப் படங்கள் ஓரளவு ஈடுகட்டுகின்றன.

நம் ஊரில் இந்தக் கதையின் முதல் பாதி பெரிதாக நடக்கவில்லை, இரண்டாம் பாதி மட்டும் வெகு வேகமாக வந்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் வைத்துக்கொண்டு, உங்கள் பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷனும் வரியும் கட்டுங்கள் என்று கேட்கும் கும்பல்களை நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவிக்க வேண்டி வந்தது. அந்த வலையில் எரர் காயின் என்ற சொல் தூண்டில் புழுவாக மாறியிருக்கிறது. ஆண்டுக்குக் கீழே குறி இல்லாத ரூபாய் அபூர்வம் என்று ஒரு காணொளி. மும்பைக்கு வைரக்கட்டம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தா எந்தக் குறியும் போடுவதில்லை. குறி இல்லாத காசு கொல்கத்தாவிலிருந்து வந்தது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1922 காசுக்குப் பொருந்துகிற நியாயத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

திசையிலும் இதே குழப்பம். இந்தியக் காசைப் பக்கவாட்டில் புரட்டினால் இரண்டு பக்கமும் நிமிர்ந்தே இருக்கும். அமெரிக்கக் காசில் ஒரு பக்கம் நிமிர்ந்தால் மறுபக்கம் தலைகீழ். அங்கிருக்கும் மகன் கொண்டுவந்து கொடுத்த குவார்ட்டரைப் பார்த்து, இது அச்சு திரும்பிய எரர் என்று நம்பியவர்கள் என் பழக்கத்திலேயே உண்டு. நம் காசில் அந்தத் தலைகீழ் இருந்தால்தான் பேச்சு. அது நிஜமாகவே நேர்வது. அச்சு தன் இருக்கையில் தளர்ந்து சுழன்றுவிடும்.

வியாபாரிகள் லக்கி என்று சொல்லும் காசுக்கு இங்கே தனி மவுசு. முந்தைய காசு வெளியேறாமல் ஓர் அச்சில் ஒட்டிக்கொண்டிருக்க, அடுத்த வில்லை அதன் மேல் அடிபட்டால், ஒரு பக்கத்தில் அதே உருவம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிக் குழிந்து விழும். மறுபக்கம் ஒழுங்காகக் கூர்மையாக இருக்கும். இதைப் பட்டறையில் செய்ய வேண்டுமானால் இரண்டு காசுகளை இடுக்கியில் வைத்து நெரிக்க வேண்டும். அப்போது குழிந்த உருவம் ஆழமில்லாமல், பழைய மேட்டு உருவத்தின் மேலேயே குறுக்கே விழுந்து கிடக்கும், மறுபக்கமும் சப்பையாகிவிடும். மறுபக்கத்தைப் பார்க்காமல் லக்கி வாங்கக் கூடாது. இரண்டு பக்கமும் தலை இருக்கும் காசைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ‘ஷோலே’ பார்த்தவர்கள் அதைத் தேடாமல் இருப்பதில்லை, ஆனால் கைக்கு வருவதெல்லாம் ஒரு காசைக் குடைந்து இன்னொன்றை உள்ளே பொருத்திய மாயாஜாலக் காசுதான். விளிம்புக்கு உட்புறம் நகத்தால் வருடினால் இணைப்பு தட்டுப்படும், கல்லில் போட்டால் ஓசை செத்திருக்கும்.

எடை இங்கேயும் பேசும். 1992க்குப் பிந்தைய பெரிய எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம், காந்தத்தில் ஒட்டும். அதே காலத்துப் பதினொரு பக்க இரண்டு ரூபாய் செம்பு நிக்கல் கலவை, 6 கிராம், ஒட்டாது. ஐந்து ரூபாய் 9 கிராம், அதுவும் ஒட்டாது. இரண்டு ரூபாய் உருவம் விழுந்த காசு ஒன்று காந்தத்தில் ஒட்டி 4.85 காட்டினால், உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டிய காசு அது.

இப்போது சந்தையில் அதிகம் சுற்றுவது பத்து ரூபாய். நடுவட்டம் மட்டும் திரும்பி, எழுத்து ஒரு பக்கமும் வளையம் இன்னொரு பக்கமும் சாய்ந்திருக்கும் காசுகளை எரர் என்று விற்கிறார்கள். இரண்டு உலோகக் காசில் வளையமும் நடுவட்டமும் தனித்தனியாக அச்சடிக்கப்படுவதில்லை. வெறும் வளையத்துக்குள் வெறும் வட்டத்தை வைத்து ஒரே அடி அடிக்கும்போதுதான் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன, உருவமும் இரண்டின் மேலும் சேர்ந்தே விழுகிறது. நடுவட்டம் ஓரமாக விலகி அடிபடலாம், வட்டமே இல்லாமல் வளையம் மட்டும் அடிபடலாம். உருவம் விழுந்த நடுவட்டம் மட்டும் சுழன்று உட்கார ஆலைக்குள் வழியே இல்லை. யாரோ அதைத் தட்டி வெளியே எடுத்துத் திருப்பிப் பொருத்தியிருக்கிறார்கள். வளையத்தின் உள்விளிம்பை லென்ஸில் சுற்றிப் பார்த்தால் எந்தப் பக்கமிருந்து தட்டினார்கள் என்பதுகூடத் தெரிந்துவிடும்.